வெயிலின் பற்று வரவு

(கிருலப்பனையில் அயலவர் சிலர் கூடி நடத்தும் வாசகர் வட்டத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சென்ற மாதங்களிலே இலக்கியமும் சமயமும் பேசப்பட்ட இந்தச் சபையில் மின்பட்டியலைப் பற்றிப் பேசுமாறு நண்பர்கள் என்னைப் பணித்தபோது, இது ஒரு சொற்பொழிவுக்கு ஏற்ற விஷயந்தானா என்னும் சந்தேகம் முதலில் எனக்கே உண்டாயிற்று. ஆயினும், ஹைலெவல் வீதியிலிருந்து பிரிந்து செல்லும் நம்முடைய ஒழுங்கைகளில் மாலை வேளையிலே நடந்து வரும்போது, பத்து வருஷங்களுக்கு முன் காகமும் காய்ந்த இலையும் மாத்திரம் குடியிருந்த கூரைகளின் மீது இன்று கருநீலத் தகடுகள் வரிசை வரிசையாகப் பதிந்து கிடப்பதையும், அத்தகடுகளுக்குக் கீழே வாழுகிற நல்ல படிப்பாளிகளான கிருகஸ்தர்கள்கூட மாத முடிவிலே தம் கைக்கு வருகிற மின்பட்டியலை அந்நிய பாஷையில் எழுதிய சாசனம்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அலுமாரிக்குள் வைத்துவிடுவதையும் கண்டபின், என் சந்தேகம் நீங்கிவிட்டது. வாசிக்கத் தெரியாத ஒரு பத்திரத்தை வாசிக்கக் கற்பிப்பதும் வாசகர் வட்டத்தின் வேலைதானே.

இந்த நகரத்துக்கு மின்சாரம் வந்த கதையை முதலில் சிறிது நினைவுகூர வேண்டும். 1895ஆம் ஆண்டிலே பௌஸ்ரெட் சகோதரர் என்னும் வணிகர்கள் கோட்டையில் இருந்த பிரிஸ்டல் ஹோட்டலுக்கு மின்விளக்குப் போட்டார்கள். 1918ஆம் ஆண்டிலே டி. ஜே. விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர், மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து இத்தீவுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெறலாம் என்று எடுத்துரைத்தார்; அவர் கண்ட லக்ஷபான நீர்மின் கனவு பல தடைகளுக்கு உட்பட்டு 1950ஆம் ஆண்டிலேதான் நனவாயிற்று. 1969இல் இலங்கை மின்சார சபை பிறந்தது. பிற்காலத்தில் நுரைச்சோலையிலே நிலக்கரி எரிந்தது. இந்த நீண்ட சரித்திரம் முழுவதிலும் மாறாமல் இருந்த ஒரு சங்கதி உண்டு. நதியானது மலையிலே தோன்றிக் கடலை நோக்கியே ஓடுவதுபோல, மின்சாரமும் எங்கோ தொலைவிலுள்ள நிலையத்திலே பிறந்து நம் வீட்டை நோக்கியே ஓடிவந்தது. வாசற்சுவரில் இருந்த மீற்றரின் சக்கரம் ஒரே திசையிலே சுழன்றது. ஆகையால் மின்பட்டியலும் ஒரே திசையிலேயே பேசியது: இவ்வளவு பெற்றாய், இவ்வளவு தா. அந்தப் பத்திரத்தை வாசிப்பதற்குக் கடைசி வரி ஒன்றே போதுமாயிருந்தது.

கூரையிலே தகடு ஏறிய நாள்முதல் அந்தப் பழைய உறவு முறிந்து, வேறோர் உறவு தொடங்குகிறது. செட்டியார் தெருவிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்த பழைய வியாபாரிகள், ஒருவருக்கொருவர் சரக்குக் கொடுத்தும் வாங்கியும் வந்த காலத்தில், ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் காசை எண்ணி நீட்டிக்கொண்டிருக்கவில்லை. பற்று ஒரு பக்கமும் வரவு மறுபக்கமுமாகப் பேரேட்டிலே பதிந்து வைத்து, தவணை முடிவில் ஐந்தொகை பார்த்து, மிச்சத்தை மாத்திரம் தீர்த்துக்கொண்டார்கள். தகடு பதித்த வீட்டுக்கு வருகிற மின்பட்டியலும் அத்தகைய பேரேட்டின் ஒரு தாளே. நேற்றுவரை வாடிக்கைக்காரராய் இருந்தவர் இன்று சிறு வியாபாரியுமாகிவிட்டார். பேரேட்டின் கடைசி வரியை மாத்திரம் பார்க்கிற வியாபாரி எங்ஙனம் கடை நடத்துவான்? இதுவே இன்றைக்கு யான் சொல்ல வந்த பொருள். இனிச் சொல்வதெல்லாம் இதற்கு வியாக்கியானம்.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நான்கு கிலோவாற் அளவான தகடுகளைக் கூரையிலே பதித்தார். சில வாரங்கள் கழித்து, ஒரு கையில் மின்பட்டியலும் மற்றக் கையில் கைபேசியுமாக என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தவர், நிற்கும்போதே கேட்டார்:

“தம்பி, இந்தப் போன் நானூற்றி இருபது யூனிற் எண்டு சொல்லுது. பில்லிலை இருநூற்றி எழுபதுதான் நிக்குது. மிச்சம் நூற்றைம்பதும் எங்கை போனது?”

“உங்கடை வீட்டுக்குள்ளைதான் மாஸ்டர் இருக்குது” என்றேன்.

அவர் கோபிக்கவில்லை, கணிதம் கற்பித்தவர் ஆகையால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று நாங்கள் இருவரும் ஒரு கொப்பியிலே போட்ட கணக்கையே இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

தகடு பதித்த வீட்டிலே நான்கு எண்கள் உண்டு. முதலாவது, தகடுகள் உண்டாக்கிய மின்சாரம். இதைச் சொல்வது இன்வேட்டர் என்கிற பெட்டியும் அதனோடு பேசுகிற கைபேசியும். இரண்டாவது, வீட்டுத் தேவைபோக வெளியே கம்பிக்குச் சென்ற மின்சாரம்; பட்டியலிலே ஏற்றுமதி என்று நிற்பது இதுவே. மூன்றாவது, இரவிலும் மழைக்காலத்திலும் கம்பியிலிருந்து நாம் பெற்ற மின்சாரம். பட்டியலிலே இது இறக்குமதி. நான்காவது, தகட்டிலே பிறந்து, வாசலைத் தாண்டாமல், குளிர்சாதனப் பெட்டியிலும் மின்விசிறியிலும் நீர் இறைக்கும் மோட்டாரிலும் அக்கணமே செலவாகிப்போன மின்சாரம். இந்த நான்காவது எண் பட்டியலிலே இல்லை, இருக்கவும் முடியாது. ஏனெனில் வாசலில் நிற்கும் மீற்றர் ஒரு காவற்காரனைப் போன்றது. வாசலைத் தாண்டி உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் அது எழுதும். வளவுக்குள்ளே விளைந்து வளவுக்குள்ளேயே உண்ணப்பட்ட தேங்காயை அது எப்படி அறியும்?

ஆசிரியரின் கணக்கு இது. தகடு தந்தது 420. வெளியே போனது 270. ஆகவே வீட்டுக்குள் உண்டது 150. இரவிலே கம்பியிலிருந்து பெற்றது 230. இந்த 230ஐயும் அந்த 150ஐயும் கூட்டினால் 380. அவருடைய குடும்பம் அந்த மாதத்தில் உண்மையாக உபயோகித்த மின்சாரம் இதுவே. ஏற்றுமதியாகிய 270இலிருந்து இறக்குமதியாகிய 230ஐக் கழித்தால் அவருக்கு மிஞ்சியது 40. அதே 40, 420இலிருந்து 380ஐக் கழித்தாலும் வருகிறது என்பதைக் கண்டபோது ஆசிரியரின் முகம் மலர்ந்தது. இரண்டு வழியாலும் ஒரே விடை வருமாயின் கணக்குச் சரி. கணக்குச் சரியாயின் காணாமற் போனது எதுவுமில்லை.

இந்த 40 யூனிற்றுக்கும் என்ன விலை என்பது வீட்டுக்காரர் எந்த முறையிலே உடன்படிக்கை செய்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. 2016ஆம் ஆண்டு செப்டெம்பரிலே அரசாங்கம் ‘சூரிய பல சங்கிராமய’ என்னும் திட்டத்தை ஆரம்பித்தபோது, அதற்கு முன்பே வழக்கிலிருந்த நெற் மீற்றரிங் என்னும் முறையோடு நெற் அக்கவுண்டிங், நெற் பிளஸ் என்னும் இரண்டு முறைகளும் சேர்ந்துகொண்டன. நெற் மீற்றரிங் முறையிலே மிஞ்சிய யூனிற்றுக்குக் காசு இல்லை. அது அடுத்த மாதக் கணக்கிலே வரவாக நிற்கும். அரிசி கடனாகக் கொடுத்தவர் அரிசியாகவே திரும்பப் பெறுவதுபோன்றது அது. நெற் அக்கவுண்டிங் முறையிலே போனதும் வந்ததும் யூனிற்றுக்கு யூனிற் நேர்செய்யப்பட்டு, மிஞ்சியதற்கு உடன்படிக்கையிற் குறித்த விலை கிடைக்கும். குறைந்ததற்கு வழக்கமான கட்டணம் கட்டவேண்டும். நெற் பிளஸ் முறையிலோ நேர்செய்தல் என்பதே கிடையாது. தகட்டில் விளைந்தது முழுவதும் வேறொரு மீற்றர் வழியாக விற்கப்படும், வீட்டில் எரிந்தது முழுவதும் பழையபடியே விலைக்கு வாங்கப்படும். ஆதலால், தன் பட்டியலை வாசிக்க விரும்புகிறவர் முதலிலே தேடவேண்டியது எண்ணை அன்று. அந்த முறையின் பெயரை.

இந்த மூன்று முறைகளில் எது சிறந்தது என்று பலர் கேட்கிறார்கள். ஒரு யூனிற்றின் விலை என்ன என்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல இயலாது; ஒரு யூனிற்றுக்கு ஒரே விலை இல்லாமையே இந்த வியவகாரத்தின் சூட்சுமம். 2025ஆம் ஆண்டு ஜூன் 12ஆந் திகதி நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தைப் பிரமாணமாகக் கொள்வோம். மாதம் 60 யூனிற்றுக்கு மேற்பட்டு உபயோகிக்கும் வீட்டுக்கு முதல் 60 யூனிற்றும் ஒன்று ரூபா 12.75, அடுத்த 30உம் 18.50, அதற்கடுத்த 30உம் 24, அதன்பின் 60உம் 41, 180க்கு மேற்பட்டவை ஒவ்வொன்றும் 61. இவற்றோடு உபயோகத்துக்கு ஏற்ப ஏறுகிற நிலைக் கட்டணம் ஒன்றும் உண்டு. 180க்கு மேற்பட்டவருக்கு அது 2,100 ரூபா. ஆசிரியரின் 380 யூனிற்றையும் தகடு இல்லாத வீடொன்று உபயோகித்திருந்தால், முதல் 180க்கும் 4,500 ரூபாவும், எஞ்சிய 200க்கும் 12,200 ரூபாவும், நிலைக் கட்டணம் 2,100உம் ஆக 18,800 ரூபாவும், அதற்குமேல் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரியும் செலுத்த நேரும்.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். 380இல் ஏறத்தாழப் பாதியாகிய 180 யூனிற்றின் விலை நாலாயிரத்து ஐந்நூறு. மற்றப் பாதியின் விலை பன்னீராயிரத்துக்கு மேல். தென்னையிலே காய் பறிப்பவன் உச்சியிலே ஏறித் தொடங்குவதுபோல, வெயிலும் நம் கட்டணத்தை உச்சியிலிருந்தே பறிக்கிறது. நேர்செய்யப்படும் முதல் யூனிற் 61 ரூபாவை மிச்சப்படுத்துகிறது. கீழே இறங்க இறங்க அது 41 ஆகி, 24 ஆகி, அடியிலே 12.75 ஆகிறது, 60க்குக் கீழே போனால் அதனினும் மலிந்த வேறொரு கிரமம் தொடங்குகிறது. ஆகவே, ஒரு வீட்டிலே நான்கு தகடு வைத்துப் பெற்ற லாபத்தைப் பார்த்துவிட்டு, எட்டுத் தகடு வைத்தால் அது இரட்டிக்கும் என்று எண்ணுகிறவர் ஏமாந்துபோவார். முதல் நான்கும் உச்சிக் காயைப் பறித்துவிட்டன. பின்வந்த நான்குக்கும் அடிக்காய்தான் மிச்சம்.

புதிதாக உடன்படிக்கை செய்கிற, ஐந்து கிலோவாற்றுக்கு மேற்படாத வீட்டுக்கு 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே நிர்ணயிக்கப்பட்ட விலை யூனிற்றுக்கு ரூபா 20.90 ஆக இருந்தது. மாதம் 380 யூனிற் எரிக்கும் வீடு, 420 யூனிற் விளைவித்து, நெற் பிளஸ் முறையிலே இருந்தால் அதற்கு 8,778 ரூபா வரவு, பற்றோ 18,800, பத்தாயிரத்துச் சொச்சம் கையிலிருந்து போகும். அதே வீடு நெற் அக்கவுண்டிங் முறையிலே இருந்தால் 18,800 ரூபாவில் மின்சாரத்துக்குரிய பங்கு முழுவதும் மறைந்து, மிஞ்சிய 40க்கு 836 ரூபா வரவாகி, நிலைக் கட்டணம் ஒன்றே பற்றாக நிற்கும். மாறாக, முதியவர் இருவர் மாத்திரம் வசித்து மாதம் 90 யூனிற்றோடு அமைகிற வீடொன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய மின்கட்டணம் நிலைக் கட்டணம் 400உடன் 1,720 ரூபாதான். அவர்களும் அதே 420 யூனிற்றை விளைவித்து நெற் பிளஸிலே எல்லாவற்றையும் விற்றால், கட்டணம் போக 7,058 ரூபா கையிலே நிற்கும். நெற் அக்கவுண்டிங்கிலே மிஞ்சிய 330 யூனிற்றை விற்றால் 6,897 ரூபா வரும், அதிலிருந்து நிலைக் கட்டணமும் கழியும். எனவே, அதிகம் எரிப்பவனுக்கு ஒரு முறை நன்மை. சிக்கனக்காரனுக்கு மற்ற முறை சிறிது நன்மை. அயல்வீட்டுக்காரரின் யோசனையைக் கேட்டு முறையைத் தெரிவுசெய்வது, அவருடைய மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்வதற்குச் சமானம்.

அயல்வீட்டோடு ஒப்பிட்டுச் சஞ்சலப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே ஒழுங்கையிலே அடுத்தடுத்த இரண்டு வீடுகள் ஒரே அளவு மின்சாரத்தை வெளியே அனுப்பியும், ஒருவருக்கு வருகிற தொகை மற்றவருக்கு வருவதிலும் இருமடங்காயிருப்பதைக் காணலாம். இதிலே பாரபட்சம் எதுவும் இல்லை. உடன்படிக்கைத் திகதியே காரணம். 2016இலே தொடங்கிய திட்டத்தின்படி இருபது வருஷ உடன்படிக்கையில் முதல் ஏழு வருஷங்களுக்கு யூனிற்றுக்கு 22 ரூபாவும் எஞ்சிய பதின்மூன்று வருஷங்களுக்கு 15.50உம் தரப்பட்டன. எரிபொருள் இல்லாமல் நாடு இருளிலே தவித்த 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே அந்த விலை 37 ரூபாவாக உயர்ந்தது, 2024இன் நடுப்பகுதியில் 27 ஆயிற்று, பின்னர் 20.90. ஆகையால், 2017இல் உடன்பட்டவர் ஒருவர் 2024இலே தம் வரவு திடீரென்று மூன்றிலொரு பங்கு அளவு விழுந்ததைக் கண்டு தகடு பழுதாகிவிட்டது என்று எண்ணினால், அவர் தகட்டைத் துடைப்பதற்கு முன் உடன்படிக்கையைத் தூசு தட்டி வாசிப்பது உசிதம். நம்முடைய ஆசிரியருக்கு 27 ரூபா விலை. அந்த மாதம் அவருக்கு மிஞ்சிய 40க்கும் 1,080 ரூபா வரவாயிற்று.

மாதத்துக்கு மாதம் பட்டியல் ஏன் மாறுகிறது என்பதையும் சொல்லவேண்டும். மீற்றர் பார்ப்பவர் ஒவ்வொரு மாதமும் சரியாக முப்பதாம் நாள் வந்துவிடுவதில்லை; சிலவேளை இருபத்தெட்டு நாள், சிலவேளை முப்பத்துமூன்று. விலைப்படிகளும் நாட்கணக்குக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். முப்பது நாளுக்கு 60 என்பது முப்பத்துமூன்று நாளுக்கு 66 ஆகும். ஆதலால் தொகைகளை ஒப்பிடுவதற்கு முன் நாட்களை ஒப்பிடவேண்டும். அடுத்தது பருவம். பெப்ரவரியிலும் மார்ச்சிலும் கொழும்பின் வானம் தெளிந்திருக்கும். மே மாதத்திலே தென்மேற்குப் பருவக்காற்றுத் தொடங்கினால் மேகம் கூரைக்குமேல் கூடாரமடிக்கும். ஒக்ரோபரிலும் நவம்பரிலும் காலையிலே காய்ந்த வெயில் பின்னேரத்து இடிமழையோடு முடிந்துபோகும். வெள்ளவத்தைக் கடலிலிருந்து வருகிற உப்புக் காற்றும், ஹைலெவல் வீதியின் வாகனப் புழுதியும், காகங்களின் உபகாரமும் சேர்ந்து தகட்டின் கண்ணை மறைக்கும். மழை கழுவாத மாதங்களிலே நாம்தான் கழுவவேண்டும், அதுவும் தகடு சூடாயிராத அதிகாலையிலே.

இவையெல்லாம் சரியாயிருந்தும், நடுப்பகலிலே இன்வேட்டர் தானாகவே நின்றுபோகிற வீடுகள் உண்டு. நம் நாட்டிலே வீட்டு மின்சாரத்தின் வோல்ற்றளவு 230. அது நூற்றுக்கு ஆறு மேலும் கீழும் போகலாம். அதாவது ஏறக்குறைய 216இலிருந்து 244வரை. ஒரே மின்மாற்றியோடு தொடுக்கப்பட்ட பல கூரைகள் நண்பகலிலே ஒருங்கே மின்சாரத்தை வெளியே தள்ளும்போது, குழாயிலே நீரின் அமுக்கம் ஏறுவதுபோல வோல்ற்றளவும் ஏறுகிறது. எல்லை கடந்தால் இன்வேட்டர் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. நல்ல வெயில் அடித்த மாதத்திலே ஏற்றுமதி குறைந்திருந்தால், கைபேசியிலுள்ள நாளாந்த வரைபடத்தைப் பார்க்கவேண்டும். மலைபோல் ஏறி இறங்கவேண்டிய கோடு நடுவிலே பல் விழுந்த சீப்பைப்போல இருந்தால், அது வானத்தின் குற்றமன்று, வோல்ற்றளவின் குற்றம். பொருத்தியவரிடத்திலும் மின்சாரம் வழங்குபவரிடத்திலும் அந்த வரைபடத்தையே சாட்சியாகக் காட்டலாம்.

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலிலே தீவு முழுவதும் மின்சாரம் அற்றுப்போனதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பாணந்துறையிலுள்ள உபமின்நிலையத்திலே புகுந்த ஒரு குரங்குதான் காரணம் என்று அமைச்சர் சொன்ன செய்தி உலகமெங்கும் பரவிப் பலரையும் சிரிக்கவைத்தது. அன்று தகடு பதித்த வீட்டுக்காரர்கள் மாத்திரம் சிரிக்கவில்லை. வெயில் கொளுத்துகிறது, கூரையிலே தகடு இருக்கிறது, வீட்டிலே மின்விசிறி சுழலவில்லை. இது என்ன அநியாயம் என்று கேட்டார்கள். அநியாயமன்று, தர்மம். கம்பி உயிரற்றது என்று நம்பி அதன்மேல் கை வைக்கிற தொழிலாளியின் உடலிலே நம் கூரை மின்சாரம் பாய்ந்துவிடக்கூடாது என்பதற்காகவே, கம்பியிலே மின்சாரம் நின்ற மறுகணத்தில் இன்வேட்டரும் நின்றுவிடுமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. தனியாக ஒரு மின்கலத் தொகுதி வைத்து, கம்பியிலிருந்து பிரிந்து நிற்கும் ஏற்பாடு செய்தவர்களுடைய வீடுகளே அன்று எரிந்தன, அதாவது, விளக்கெரிந்தன.

குரங்கு ஒரு புறமிருக்க, அந்த ஞாயிறு கற்பித்த பாடம் பெரிது. விடுமுறை நாளின் நண்பகலிலே தொழிற்சாலைகளும் காரியாலயங்களும் உறங்குகின்றன. கூரைகளோ முழு வேகத்தில் உழைக்கின்றன. ஆயிரம் மெகாவாற்றுக்கு மேற்பட்ட கூரைச் சக்தி ஒரு சிறு தீவின் கம்பிகளிலே ஒரே நேரத்தில் வந்து விழும்போது, வாங்குவாரில்லாத சந்தையைப்போலத் தொகுதி தள்ளாடுகிறது. இரண்டு மாதங்கழித்துச் சித்திரைப் புத்தாண்டு வந்தது. சூரியன் மேடராசியிலே பிரவேசிப்பதைக் கொண்டாடுகிற அந்த நாட்களிலே அவன் உண்மையாகவே இந்தத் தீவின் உச்சிக்கு நேராக நிற்கிறான். ஆலைகளும் கடைகளும் பூட்டியிருக்கின்றன. ஆகவே மின்சார சபை, ஏப்ரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் மூன்று மணிவரையும் கூரைத் தகடுகளைத் தாமாகவே நிறுத்திவைக்குமாறு வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. சூரியனை வரவேற்றுப் பொங்கல் வைத்தவர்களிடத்திலே சூரியனைச் சற்று அணைத்துவைக்கும்படி கேட்ட விசித்திரம் நம்முடைய காலத்துக்கே உரியது.

இதிலிருந்து யான் கொள்ளுகிற சித்தாந்தம் ஒன்று. மின்சாரத்துக்கு அளவினால் மாத்திரம் விலை இல்லை. வேளையினாலும் விலை உண்டு. நண்பகலிலே எல்லாரும் தருவதை எவரும் வேண்டார். மாலை ஆறரை மணிமுதல் பத்தரைவரை எல்லா வீட்டிலும் விளக்கெரியும் வேளையிலே அதே யூனிற் அருமருந்தாகும். கூரைக்குத் தரப்படும் விலை 37இலிருந்து 20.90ஆக இறங்கியதற்கும், பகல் வெயிலை மின்கலத்திலே சேமித்து மாலையிலே தருபவருக்குக் கூடிய விலை கொடுக்க முன்வந்ததற்கும் இந்த வேளைக் கணக்கு ஒரு காரணம். வீட்டுக் கட்டணமும் ஒருநாள் இந்த வழியிலே திரும்பக்கூடும். ஆகையால் சலவை இயந்திரத்தையும் நீர் மோட்டாரையும் இரவிலிருந்து பகலுக்கு மாற்றுகிற பழக்கத்தை இப்பொழுதே கைக்கொள்வது புத்தி. யூனிற்றுக்கு யூனிற் நேர்செய்கிற இன்றைய முறையிலே அதனால் பெரிய லாபம் தெரியாவிட்டாலும், நெற் பிளஸிலே அறவே தெரியாவிட்டாலும், கம்பிக்கு அது உபகாரம்.

இனி, தகடு பதித்தவருக்கு உண்டாகிற ஒரு மயக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். என் வீட்டிலேயே கண்டது அது. தகடு ஏறிய முதல் வருஷத்திலே எங்கள் பட்டியலின் கடைசி வரி சுருங்கியதைக் கண்டு மகிழ்ந்தோம். மகிழ்ச்சியிலே இரண்டாவது அறைக்கும் குளிரூட்டி வந்தது; நீர் சூடாக்கி வந்தது; எந்த அறையிலும் விளக்கை அணைக்கும்படி பிள்ளைகளைக் கண்டிக்கிற குரல் மெல்ல மெல்ல ஓய்ந்துபோயிற்று. வருஷ முடிவிலே பழைய பட்டியல்களை எடுத்து, இறக்குமதியோடு உள்ளே உண்டதையும் கூட்டிப் பார்த்தபோதுதான், எங்கள் குடும்பத்தின் உபயோகம் முன்னையிலும் வெகுவாக ஏறியிருந்தது தெரிந்தது. சூரியன் தந்ததை நாங்கள் சேமிக்கவில்லை, செலவழித்தோம். பட்டியல் எங்களுக்கு இதைச் சொல்லவில்லை. ஏனெனில் அந்த எண் பட்டியலிலே இல்லை. தகடு வாங்கிய கடனுக்கு வங்கிக்குச் செல்கிற தவணையும் அதிலே இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவன் லாபம் என்று சொல்வது, வாடகையைக் கழியாமல் கடைக்காரன் சொல்கிற லாபம்.

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் மாடி மனைகளிலே வசிக்கும் நம்மவர்கள் பலருக்குக் கூரை என்பதே சொந்தமாக இல்லை. ஆறாம் மாடியில் இருப்பவருக்கு வெயில் சுவரைச் சுடுவதற்கு மாத்திரம் வருகிறது. அவர்களும் நாமும் ஒரே கம்பியிலே தொங்குகிறோம். நாம் பகலிலே தள்ளுவதையும் இரவிலே இழுப்பதையும் தாங்குகிற மின்மாற்றிக்கும் கம்பிக்கும் ஆகிற செலவிலே அவர்களுக்கும் பங்குண்டு. பூச்சியம் யூனிற் வந்த மாதத்திலும் நிலைக் கட்டணம் எதற்கு என்று முறையிடுகிற நண்பர்கள் இதனைச் சற்றே சிந்திக்கவேண்டும். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் மின்சார சபையைப் பல கம்பெனிகளாகப் பிரிப்பதற்கு வழிசெய்தது. நுகேகொடைப் பக்கத்திலே முன்னரே லெக்கோ கம்பெனி மின்சாரம் வழங்கிவருகிறது. பட்டியலின் தலைப்பிலே எந்தப் பெயர் வந்தாலும், உள்ளே இருக்கிற பற்று வரவின் தத்துவம் மாறப்போவதில்லை.

அன்பர்களே, இதற்கெல்லாம் வேண்டிய கருவி ஒன்றே: எண்பது பக்கக் கொப்பி. மீற்றர் பார்த்த திகதியிலே இன்வேட்டரின் எண்ணையும் குறித்துவைத்தால், பட்டியல் சொல்கிற இரண்டு எண்களோடு அதனைச் சேர்த்து நான்காவது எண்ணை நாமே கண்டுகொள்ளலாம். நம்முடைய ஆசிரியர் அவ்வாறே ஒரு கொப்பி வைத்திருக்கிறார். சென்ற வாரம் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். திகதி, விளைந்தது, போனது, வந்தது, உண்டது என்று கோடு போட்டு, கரும்பலகையில் எழுதுவதுபோன்ற அழகிய எழுத்திலே, ஒரு நாளும் விடாமல் எழுதியிருந்தார். 2025 ஏப்ரல் 13இலிருந்து 21வரை ஒன்பது நாட்களுக்கு மாத்திரம் விளைந்தது என்னும் நிரலிலே மிகச் சிறிய எண்கள் நின்றன. அவர் ஒவ்வொரு காலையும் தாமே சென்று ஆளியை நிறுத்தி, மூன்று மணிக்குமேல் திரும்பப் போட்டிருக்கிறார். அந்த நாட்களிலே இழந்த யூனிற்றை அவர் நட்டமென்று எழுதவில்லை. ஓரத்திலே தனியாக ஒரு நிரல் கீறி, அதன் தலையிலே இரண்டு சொற்களை எழுதியிருந்தார்:

‘ஊருக்கு விட்டது.’